கோஷ்டி யாருடையது?

ஒரு காற்பந்துக் கோஷ்டியின் சரித்திரத்தை எழுதப் புகும் நம்மவர் பெரும்பாலும் இரண்டு காரியங்களையே செய்கின்றனர். வென்ற கிண்ணங்களை ஆண்டுவாரியாக அடுக்குவது ஒன்று. அவற்றை வென்றவர்களில் தமிழ்ப் பெயருடையார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து மகிழ்வது மற்றொன்று. இவ்விரண்டும் ஆனவுடன் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. பேராக் கோஷ்டியைப் பற்றி மலர்களிலும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களிலும் நாம் படித்து வந்த குறிப்புகளும், ஈப்போக் காப்பிக்கடைகளில் கேட்டு வந்த பேச்சும் இவ்வகையைச் சேர்ந்தனவே. அவற்றைப் படித்து நாமும் பூரித்ததுண்டு. ஆனால், 2025-ஆம் ஆண்டில் அக்கோஷ்டி பணமுடையினால் சூப்பர் லீக் போட்டியிலிருந்தே விலகிக்கொண்ட பிறகு, அப்பூரிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, இவ்வாறு எழுதப்பட்ட சரித்திரம் எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்க வேண்டியது கடமையாகிறது.

முதலில் கிண்ணங்களைச் சொல்லிவிடுவோம், அவை பொய்யல்ல. மலாயாக் கிண்ணத்தை 1926-லும் 1931-லும் பேரா வென்றது. இருமுறையும் இறுதியில் தோற்றது சிங்கப்பூர். சுதந்திர ஆண்டாகிய 1957-இல் சிலாங்கூரை 3-2 என்ற கணக்கில் வென்றது. 1967-இல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியபோது, புதுப் பெயருக்குரிய முதல் வெற்றியும் பேராவுக்கே வாய்த்தது. அன்றும் எதிரே நின்றது சிங்கப்பூர்தான். 1970-இல் கிளந்தான், 1998-இல் திரங்கானு, 2000-இல் நெகிரி செம்பிலான், 2018-இல் மீண்டும் திரங்கானு என்று எதிரிகளை வீழ்த்தி, ஆக எட்டுமுறை அக்கிண்ணத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்தனர். 2018-இல் ஆட்டம் 3-3 என்று சமமாக முடிந்து, பெனால்டி உதைகளில் 4-1 என்று தீர்ந்ததைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். எப்.ஏ. கிண்ணம் 1990-இல் தொடங்கப்பெற்ற முதலாண்டிலேயே அதைக் கைப்பற்றியதும், 2004-இல் மறுபடியும் பெற்றதும், 2002, 2003 ஆகிய ஈராண்டும் தொடர்ந்து லீக் போட்டியில் முதலிடம் வகித்ததும் இவற்றோடு சேரும். இவ்வளவு பெருமையுடைய கோஷ்டி எப்படி வீழ்ந்தது என்பதற்கு இப்பட்டியலில் ஒரு சொல்லேனும் விடையுண்டா? இல்லை. காரணம், பட்டியல் வெற்றியை மட்டும் கண்டது. அவ்வெற்றி யார் கையில் இருந்தது என்பதைக் காணவில்லை.

நிற்க. அந்த முதற் கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1921-இல் 'ஹெச்.எம்.எஸ். மலாயா' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் அதை அன்பளிப்பாகத் தந்தனர் என்பது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அக்கப்பலைக் கட்டிய செலவை ஏற்றது யார் என்பதைச் சொல்லுவோர் சிலரே. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு ராஜ்யங்களின் கூட்டு அரசாங்கமே அச்செலவை ஏற்றது. அவ்வரசாங்கத்தின் பொக்கிஷம் பெரும்பாலும் ஈயத்தாலும், பின்னர் ரப்பராலும் நிரம்பியது. ஈயம் தோண்டியவர் சீனத் தொழிலாளர். பால் வெட்டியவரிற் பெரும்பாலோர் நம்மவர். சுரங்கத்திலும் காட்டிலும் பிறந்த பணம் கப்பலாயிற்று. கப்பலில் இருந்தவர்கள் ஒரு கிண்ணத்தைத் திருப்பித் தந்தார்கள். கிண்ணத்தில் கப்பலின் பெயர் நின்றது. நன்றியும் கப்பலுக்கே போயிற்று. உழைத்தவன் பணத்தில் உண்டான பொருளை, உழைத்தவனுக்கே தயவாக வழங்கும் வித்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. பேராக் காற்பந்தின் சரித்திரம் இந்தத் தயவிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் பின் நூறாண்டுகளில் தயவு காட்டுவோர் மாறினார்களேயன்றித் தயவு மாறவில்லை.

இந்த ஏற்பாட்டின் சிறிய உருவத்தைத் தோட்டத்திலே கண்டவர்கள் நாம். தோட்டத்துக் காற்பந்துச் சங்கத்திற்குத் தலைவர் துரை. காரியதரிசி பெரிய கிராணி. பந்து ஆபீசு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல், துரையின் மனம் இசைந்த நாளில் வெளியே வரும். ஆடுகிறவர்கள் லயத்துப் பிள்ளைகள். திடலில் அவர்கள் யாருடைய சாதியையும் கேட்டதில்லை. பந்தை எவன் நன்றாகக் கொடுக்கிறானோ அவன் பக்கமே ஓடினார்கள். கோயிலில் முன்வரிசை பின்வரிசை பார்த்த அதே ஜனங்கள் திடலோரத்தில் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். இதை நாம் மிகைப்படுத்தவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் பந்து மறுபடியும் அலமாரிக்குப் போயிற்று. துரை மாற்றலாகிப் போனால் புதுத் துரைக்குக் காற்பந்து பிடிக்குமா என்று ஊரே கவலைப்படும். பிடிக்காவிட்டால் அந்த வருஷம் கோஷ்டி இல்லை. சம்பள நாளில் ஆளுக்கு ஐம்பது காசு சேர்த்து ஒரு பந்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் லயத்தில் எழாமலில்லை. அவ்வெண்ணத்தை எழவிடாமல் செய்தவர்களில் எழுத்துவேலைக்கு ஆங்கிலம் கற்றுக்கொண்ட நம் வர்க்கத்தாரும் உண்டு. 'துரைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்' என்று சொல்லி அடக்கியவர் நாமே.

சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை நிற்கிறது. பழைய திடலிற் பாதி நாற்றுமேடையாகிவிட்டது. மிச்சமுள்ள பாதியில் மாலை வேளைகளில் வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பந்தாடுகிறார்கள். அத்தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்று, இப்போது பட்டணத்து அடுக்குவீட்டில் மகனோடு வசிக்கும் பெரியவர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். அவருடைய பேரன் பள்ளிக்கூடக் கோஷ்டியில் ஆடுகிறான். தாத்தாவும் ஒரு காலத்தில் ஆடினார், மாவட்டக் கோஷ்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது ஈப்போவுக்கே அழைக்கப்பட்டார் என்பதை அவன் நம்ப மறுக்கிறானாம்.

"கிராணி ஐயா, எல்லாக் கணக்கும் உங்க ஆபீசுல இருக்குமே. எங்க டீம் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு பாருங்களேன்" என்றார்.

பார்த்தோம். எஞ்சியிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களை இரண்டு நாள் புரட்டினோம். அவர் வெட்டிய பாலின் நிறை இருந்தது. கடையில் வாங்கிய அரிசியின் கடன் இருந்தது. காய்ச்சலில் படுத்த நாட்கள் இருந்தன. காற்பந்துக் கோஷ்டியின் பெயர்ப் பட்டியல் எங்குமில்லை. கடைசியில் ஒரு புத்தகத்தில், அவர் குறிப்பிட்ட அந்த மாதத்தில், ஒரு வியாழக்கிழமைக்கு நேரே 'வரவில்லை' என்றும், அதற்குரிய கூலி பிடிக்கப்பட்டதென்றும் நமக்கு முன்னிருந்த கிராணியின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பெரியவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். "அன்னைக்குத்தாங்க ஐயா ஈப்போவுக்குப் போனேன்" என்றார்.

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் பெற்ற ஒரே அழைப்புக்கு இவ்வுலகில் உள்ள அத்தாட்சி, அவனுடைய கூலியைப் பிடித்த குறிப்பு ஒன்றே! இதை எழுதிவைத்தவர் கெட்டவரல்லர். அவருக்கு இட்ட வேலையைச் செய்தார். ஆயினும் நம்மவர் எழுதும் சரித்திரத்தின் குறை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. முதலாளிக்குத் தேவையானதை எழுதினோம். நமக்குத் தேவையானதை எழுதவில்லை.

இனித் தமிழ்ப் பெயர்களை எண்ணும் வழக்கத்துக்கு வருவோம். பேராக் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தவரும், 2011-இல் கிளந்தான் கோஷ்டி முதன்முதலாக லீக் போட்டியை வெல்ல வழிகாட்டியவருமான எம். கராத்துவைப் பற்றிப் பேசுகிறோம். 2000-க்குப் பிந்திய வெற்றிக் காலத்தில் பேராவுக்கும் நாட்டுக்கும் ஆடிய கே. நந்தகுமாரைப் பாராட்டுகிறோம். 2018-ஆம் ஆண்டுக் கோஷ்டியில் ஜே. பார்த்திபன் இருந்ததைச் சொல்லிக்கொள்கிறோம். பேராவோடு நில்லாமல், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனையும், 'சிலந்தி மனிதன்' என்று நாடே அழைத்த சிலாங்கூர்க் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மாண்டதையும் சொல்லிக் கண் கலங்குகிறோம். இவையெல்லாம் தகும். ஆனால் இதற்கு மேல் ஒரு படி சென்று, இவர்களை மட்டும் 'நம்மவர்' என்று பிரித்தெடுத்து, ஏனையோரை அந்நியர்போல் விட்டுவிடுகிறோமே, அது தகுமா?

2002-இல் லீக் முழுவதிலும் அதிகக் கோல் அடித்தவர் பேராவின் காலிட் ஜம்லுஸ். அவருக்குப் பின் அதே முன்வரிசையில் நின்று ஈப்போவைக் குதிக்கச் செய்தவர் ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்த கெயிட்டா மஞ்சு. 1998-இல் கிண்ணம் பெற்றபோது பயிற்சியாளராக இருந்தவர் கார்ல் ஹெய்ன்ஸ் வெய்காங் என்ற ஜெர்மானியர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் கோஷ்டியை, ஆறுமுகம் கோல் காத்த கோஷ்டியை, உருவாக்கியவரும் அவரே. 2018-இல் அப்பொறுப்பில் இருந்தவர் ஆஸ்திரேலியரான மெஹ்மெட் துராகோவிச். இவர்களை நீக்கிவிட்டு நந்தகுமாரின் கதையைச் சொல்ல முடியாது. பார்த்திபனின் கதையையும் சொல்ல முடியாது. பதினொருவர் சேர்ந்து செய்த காரியத்தில் ஒருவரைப் பிய்த்தெடுத்து மாலையிடுவது அவரைப் பெருமைப்படுத்துவதாகாது; காற்பந்தை அறியாமையாகும். நமக்கு உண்மையில் அக்கறை இருக்குமானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், செம்பனையாக மாற்றப்பட்டும் போனபின், சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் பாகான் செராயிலும் அடுக்குவீடுகளுக்கும் தாமானுக்கும் குடிபோன நம் பிள்ளைகள் எந்தத் திடலில் பந்தாடுகிறார்கள்? ஒரு பெயருக்கு மாலையிடுவதிலும் இக்கேள்வியைக் கேட்பது கடினம். அதனாலேயே கேட்காமல் விட்டோம்.

தொழில்முறை ஆட்டம் வந்த பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும் என்று வாசகர்கள் எண்ணலாம். 1989-இல் அரைத் தொழில்முறை லீக் ஏற்பட்டது. 1994-இல் முழுத் தொழில்முறையாயிற்று. ஆட்டக்காரர் சம்பளம் பெறும் தொழிலாளியானார். ஆனால் அதே காலத்தில்தான் நாடெங்கும் ஆட்டத்தை விலைக்கு விற்ற ஊழல் வெளிப்பட்டு, ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டனர். நமது கிண்ணப் பட்டியல்கள் இந்த ஆண்டுகளை ஓசையின்றித் தாண்டிப் போகின்றன. கோஷ்டிகளுக்குத் தலைமை வகித்தவர் யார்? பேராவிலும் பிற மாநிலங்களிலும் மந்திரி பெசார் பதவியிலிருந்தவர் பலர் காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவராயினர். அரசாங்கப் பணமும், அரசாங்கத்தின் முகத்துக்காகக் கொடுக்கப்பட்ட கம்பெனிப் பணமும் வந்தவரை சம்பளம் வந்தது. பின்னர் கோஷ்டி சங்கத்தினின்று பிரிக்கப்பட்டு கம்பெனி ஆக்கப்பட்டது. 2021-இல் சம்பளப் பாக்கி விழுந்து, ஆட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலேயே விலக, சூப்பர் லீக்கிலிருந்து பேரா கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. 1921-இல் முதற் கிண்ணத்துக்கு ஆடிய கோஷ்டி, சரியாக நூறாவது ஆண்டில் இவ்வாறு இறங்கியது. 2023-இல் மீண்டும் மேற்பிரிவில் ஆடி, இரண்டே ஆண்டுகளில் முற்றும் விலகிற்று. துரை மாற்றலாகிப் போனார்; பந்து அலமாரிக்குள் போயிற்று. தோட்டத்தில் நடந்ததற்கும் ஈப்போ மைதானத்தில் நடந்ததற்கும் அளவில் வித்தியாசமுண்டு. தன்மையில் வித்தியாசம் என்ன?

"நஷ்டப்படுகிற வியாபாரத்தை யார்தான் நடத்துவார்? கம்பெனி மூடினால் அதன் தவறென்ன?" என்று சில நண்பர்கள் நம்மிடம் கேட்டார்கள். கம்பெனியின் மேல் நமக்குக் கோபமில்லை. பிறர் பொருளாக இருந்ததைப் பிறர் மூடினர். நூறாண்டு கூடிக் கூவிய ஜனங்கள் ஒருநாளாவது அதைத் தம் பொருளாக்கிக்கொள்ள ஏன் முயலவில்லை என்பதே நமது கேள்வி. முடியாத காரியமென்று யாரும் சொல்லவேண்டாம். அமெரிக்காவில் கிரீன் பே என்ற ஊர் ஒன்றுண்டு. அவ்வூரின் ஜனத்தொகை ஓரிலட்சத்துச் சொச்சம்; நமது ஈப்போ அதைவிடப் பன்மடங்கு பெரிது. அங்கே, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்நாட்டுக் காற்பந்து ஆட்டத்தில், 'பேக்கர்ஸ்' என்ற தொழில்முறைக் கோஷ்டி 1919-இல் தோன்றிற்று. இறைச்சியை டப்பியில் அடைக்கும் கம்பெனி ஒன்று சட்டை வாங்கப் பணம் கொடுத்ததால் அப்பெயர் வந்தது. அதுவும் தயவிலே பிறந்த கோஷ்டிதான். ஆனால் 1923-இல் பணமுடை வந்தபோது ஊரார் பங்கு ஒன்று ஐந்து டாலர் வீதம் வாங்கிக் கோஷ்டியைத் தமதாக்கிக்கொண்டனர். பிறகும் பலமுறை பங்கு விற்றே அது பிழைத்தது. இன்று அதன் பங்குதாரர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பங்குக்கு இலாபமில்லை. கோஷ்டியைக் கலைத்து விற்றாலும் ஒரு காசும் பங்குதாரருக்குப் போகாது. தர்ம காரியத்துக்கே போகும். அந்தச் சிற்றூர்க் கோஷ்டி நியூயார்க்கையும் சிகாகோவையும் எதிர்த்து நின்று 13 முறை தேசிய வெற்றி பெற்றிருக்கிறது. பெரிய நகரங்களின் கோஷ்டிகளை முதலாளிகள் ஊர் விட்டு ஊர் கொண்டுபோன காலத்திலும் இதை அசைக்க எவராலும் இயலவில்லை.

அது அமெரிக்கா, அங்கே பணமுண்டு என்பார்கள். அப்படியானால் பேராவுக்கே திரும்புவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பால் வெட்டுகிறவன் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கி, அப்பணத்தால் தோட்டங்களையே வாங்கினான். எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனையோ பேர் அதில் பங்குதாரர். கூட்டுறவிலும் குறை வரும், கோஷ்டிச் சண்டை வரும், கணக்குக் கேட்க ஆள் வேண்டும் என்பதை நாம் அறிவோம். காற்பந்துக் கோஷ்டிக்குத் தோட்டத்தைப்போல வருமானம் இல்லை என்பதும் மெய். ஆயினும் முதலாளியின் நிலத்தையே விலைக்கு வாங்கத் துணிந்த ஜனங்கள், ஒரு பந்தைத் தமதாக்கிக்கொள்ளத் துணியவில்லை என்பது விசித்திரமாகவே இருக்கிறது. தொழிலாளியின் சேமிப்பு நிலத்துக்கு ஆகும், கோயிலுக்கு ஆகும், கலியாணத்துக்கு ஆகும்; விளையாட்டு மட்டும் பெரிய மனிதர் போடும் பிச்சையாகவே இருக்கவேண்டும் என்று நம்மை நம்பவைத்தவர் யார்? கிண்ணத்தையும் நாயகரையும் புகழ்ந்து, கணக்கைக் கேளாமல் விட்ட எழுத்தும் அதில் பங்காளி என்றே சொல்லுவோம்.

ஆகவே, பேராக் காற்பந்தின் சரித்திரத்தை இனி எழுதுவோருக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஒன்று, கிண்ணத்தோடு கணக்கையும் எழுதுங்கள்: பணம் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எப்போது நின்றது, யாருடைய சம்பளம் பாக்கி என்பவற்றை எழுதுங்கள். மற்றொன்று, ஈப்போ மைதானத்தில் தொடங்காமல் தோட்டத்துத் திடலில் தொடங்குங்கள். அங்கே ஆடியவர்கள் இன்னும் சிலர் உயிரோடிருக்கிறார்கள். அடுக்குவீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் கோல் காவலர் முதல் இடது முனை வரையில் பதினொரு பெயரையும் மூச்சுவிடாமல் சொல்லுவார்கள். பேராக் கோஷ்டி மறுபடி எழுந்தாலும், அதைத் தமதென்று சொல்ல உரிமையுடைய ஜனங்கள் முதலில் தம்மைத் தாம் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாதவன் பங்கைக் கேட்க முடியாது.

அந்தப் பெரியவரை அன்று வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அவரை உட்காரவைத்து, ஒரு புதிய கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில், அவர் சொல்லச் சொல்லப் பதினொரு பெயரையும் எழுதினோம். நான்கு பெயருக்கு நேரே 'காலமானார்' என்று எழுதச் சொன்னார். இருவர் எங்கிருக்கிறார்கள் என்று தெரியாதென்றார். வலது முனைக்கு நேரே தம் பெயரைச் சொன்னார். அப்பக்கத்தைப் பிரதியெடுத்து, தோட்டத்து முத்திரையிட்டுக் கொடுத்தோம். முத்திரையிட நமக்கு அதிகாரமுண்டா என்பது வேறு விஷயம். கூலி பிடித்ததற்கு முத்திரையிட்ட ஆபீசு, ஆட்டத்திற்கும் ஒருமுறை இடட்டுமே என்று எண்ணினோம். அப்புத்தகத்தில் மிச்சமுள்ள பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. ஏனைய தோட்டங்களில் நம்மைப்போன்று பேனா பிடித்திருப்போர் தத்தம் அலமாரியைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.